ஒரே ஒரு மேட்ச் ஆடி விம்பிள்டன் ஜெயிக்க முடிஞ்ச காலம்: டோரதியா லாம்பர்ட் சேம்பர்ஸ்

2025 விம்பிள்டன் லேடீஸ் ஃபைனல் பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்ம ஊர் டைமுக்கு ராத்திரி எட்டரை வாக்குல ஆரம்பிச்சுது, நான் ரெண்டு தோசை ஊத்தி எடுத்துட்டு வந்து டிவி முன்னாடி உக்காரதுக்குள்ள முதல் செட்டே முடிஞ்சு போச்சு. இகா ஸ்வியாடெக் 6-0, 6-0ன்னு அமாண்டா அனிசிமோவாவ அடிச்சு வீட்டுக்கு அனுப்பினாங்க, மொத்தம் 57 நிமிஷம். பாக்கவே சங்கடமா இருந்துச்சு, அந்தப் பொண்ணு அழுதுகிட்டே பேசினத பாத்து எங்க வீட்ல எல்லாரும் கம்முனு ஆயிட்டாங்க. அன்னிக்கு எல்லா இடத்துலயும் திரும்பத் திரும்ப வந்த ஒரு தகவல், விம்பிள்டன் லேடீஸ் ஃபைனல்ல ஒருத்தர் ஒரு கேம் கூட எடுக்காம தோத்தது இதுக்கு முன்னாடி 1911லதான்னு. ஜெயிச்சவங்க பேரு டோரதியா லாம்பர்ட் சேம்பர்ஸ், தோத்தவங்க டோரா பூத்பி.

அந்தப் பேர ஒரு வரில சொல்லிட்டு எல்லாரும் அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க. எனக்கு மட்டும் அது மண்டைக்குள்ள நின்னுடுச்சு, யாருய்யா இந்தம்மான்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சா அது எங்கெங்கயோ இழுத்துட்டுப் போகுது. ஏழு தடவை விம்பிள்டன் சிங்கிள்ஸ் ஜெயிச்சிருக்காங்க: 1903, 1904, 1906, 1910, 1911, 1913, 1914. ஸ்டெஃபி கிராஃபும் ஏழுதான். இவங்களுக்கு மேல இருக்கறது ஹெலன் வில்ஸ் எட்டு, மார்ட்டினா நவ்ரத்திலோவா ஒன்பது, அவ்ளோதான். ஆனா கிராஃப் பேரு தெரியாத டென்னிஸ் ரசிகன் கிடையாது, இவங்க பேரச் சொன்னா பாதிப் பேரு முழிப்பாங்க.

அதுக்குப் பழைய காலம்ங்கறது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்த ஏழுங்கற நம்பரே. அதை அப்படியே கிராஃபோட ஏழு பக்கத்துல வச்சா கணக்கு ஒத்து வராது, தள்ளி வச்சாலும் தப்பு. ஏன்னு புரியணும்னா அப்போ விம்பிள்டன் எப்படி நடந்துச்சுன்னு முதல்ல தெரியணும்.

சேலஞ்ச் ரவுண்டுன்னு ஒரு முறை இருந்துச்சு. போன வருஷ சாம்பியன் இந்த வருஷம் டோர்னமெண்ட்ல ஆட வேண்டாம், சும்மா உக்காந்திருக்கலாம். மத்தவங்க எல்லாரும் ஒரு ட்ராவுல மோதி அதுல ஒருத்தர் ஜெயிச்சு வருவாங்க, அந்தப் பகுதிக்கு ஆல் கமர்ஸ்னு பேரு. அதுல ஜெயிச்சவங்க வந்து சாம்பியன் கூட ஒரு மேட்ச் ஆடணும். அதுல சாம்பியன் ஜெயிச்சா டைட்டில் அவங்ககிட்டயே இருக்கும். நமக்கு சட்டுனு புரியற உதாரணம் செஸ் உலக சாம்பியன்ஷிப். கேண்டிடேட்ஸ்ல எல்லார் கூடயும் மல்லுக்கட்டி ஜெயிச்சுட்டு வந்துதான் குகேஷ் டிங் லிரன் முன்னாடி உக்கார முடிஞ்சுது, டிங் லிரன் அந்தக் கேண்டிடேட்ஸ் பக்கமே வரல, அவருதான் ஏற்கனவே சாம்பியன். அதே கதைதான், என்ன இங்க பதினாலு கேமுக்கு பதிலா ஒரே ஒரு மேட்ச்.

பெண்கள் பிரிவுல இது 1886ல வந்து 1921 வரைக்கும் இருந்துச்சு. 1922ல எடுத்துட்டாங்க, அதே வருஷம்தான் விம்பிள்டன் பழைய வோர்பிள் ரோடு மைதானத்த விட்டு இப்ப இருக்கற சர்ச் ரோடுக்கு மாறுச்சு. அதாவது டோரதியா ஜெயிச்ச ஏழும் வோர்பிள் ரோடுல, ஏழும் இந்த முறையில.

இப்ப கணக்கப் பாருங்க. 1904, 1911, 1914 இந்த மூணு வருஷமும் அவங்க நடப்பு சாம்பியன், அதனால சிங்கிள்ஸ்ல ஆடினது வருஷத்துக்கு ஒரே ஒரு மேட்ச். அந்த 6-0, 6-0 கூட அப்படி ஒரு மேட்ச்தான், பூத்பி ஆல் கமர்ஸ் முழுக்க ஆடி ஜெயிச்சுட்டு வந்து நிக்கறாங்க, டோரதியா ஃப்ரெஷ்ஷா உள்ள வராங்க. 1903லயும் 1913லயும் சேலஞ்ச் ரவுண்டே நடக்கல. 1903ல முந்தின வருஷ சாம்பியன் மியூரியல் ராப் டைட்டிலக் காப்பாத்த வரல, 1913ல எத்தல் லார்கோம்ப் மிக்ஸ்டு டபுள்ஸ் ஃபைனல்ல கண்ணுல பந்து பட்டு பாதியில வெளிய போயிட்டாங்க, சிங்கிள்ஸ்ல இறங்க முடியல. அதனால அந்த ரெண்டு வருஷமும் ஆல் கமர்ஸ் ஜெயிச்சதுமே டைட்டில். மிச்சம் 1906உம் 1910உம். இந்த ரெண்டுலதான் எல்லா ரவுண்டும் ஆடி, அதுக்கு மேல நடப்பு சாம்பியனையும் வீழ்த்தி ஜெயிச்சது.

இதப் படிச்சதும் எனக்கு முதல்ல தோணுனது, அட ஈஸியா ஏழு வாங்கிட்டாங்கப்பான்னுதான். ஆனா அது அவசரத் தீர்ப்பு. அந்தக் காலத்துல எல்லாருக்கும் அதே ரூல், அதே ரூல வச்சுகிட்டு மத்தவங்க யாரும் 1903லேந்து 1914க்குள்ள ரெண்டுக்கு மேல ஜெயிக்கல. இன்னொன்னு, மொத்தம் பதினோரு ஃபைனல் ஆடியிருக்காங்க, தோத்தது நாலு, அந்த நாலும் ரெண்டே ரெண்டு பேர்கிட்ட. ரெண்டு தடவை மே சட்டன், ரெண்டு தடவை சூசான் லெங்லென். இந்த ரெண்டு பேரையும் விட்டா விம்பிள்டன் ஃபைனல்ல அவங்கள யாரும் ஜெயிச்சதே கிடையாது.

சரி, ஆள் யாருன்னு சொல்லிடறேன். 1878 செப்டம்பர்ல லண்டனுக்கு மேற்கால இருக்கற ஈலிங்ல பொறந்தவங்க, அப்ப பேரு டோரதியா டக்ளஸ். அப்பா அந்த ஊர் சர்ச்சுல பாதிரியார். சின்ன வயசுல பாதிரியார் வீட்டுச் சுவத்துல பந்த அடிச்சு அடிச்சுப் பழகினதா சொல்வாங்க, நம்ம பசங்க மொட்டைமாடிச் சுவத்துல ரப்பர் பந்த அடிச்சு பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட திட்டு வாங்குவாங்களே அந்த மாதிரிதான். ஈலிங் லான் டென்னிஸ் கிளப்புல ஆட ஆரம்பிச்சு 1900ல விம்பிள்டன் வந்தாங்க. ஹாக்கி ஆடுவாங்க, பேட்மிண்டன்ல ஆல் இங்கிலாந்துல 1903ல டபுள்ஸும் 1904ல மிக்ஸ்டு டபுள்ஸும் ஜெயிச்சாங்க. அதாவது ஒரே 1903ல விம்பிள்டன் சிங்கிள்ஸ், ஆல் இங்கிலாந்து பேட்மிண்டன் டபுள்ஸ் ரெண்டும். இன்னிக்கு யாராவது இப்படிப் பண்ணா என்ன ஆட்டம் போடுவோம் நாம!

1904ல டைட்டிலக் காப்பாத்தினது சார்லட் கூப்பர் ஸ்டெர்ரிய 6-0, 6-3ன்னு ஜெயிச்சு. இந்த சார்லட்டும் லேசுப்பட்ட ஆளில்ல, 1900 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல டென்னிஸ் ஜெயிச்சவங்க, தனிநபர் போட்டியில ஒலிம்பிக் சாம்பியன் ஆன முதல் பெண், இருபத்தாறு வயசுல காது கேக்காம போயும் ஆடிட்டே இருந்தவங்க. இவங்கள அந்த ஸ்கோர்ல முடிச்சதும் இனி இங்கிலாந்துல டோரதியாவுக்கு ஆளே இல்லன்னு ஆயிடுச்சு.

ஆள் கடல் தாண்டி வந்துச்சு. 1905ல கலிஃபோர்னியாலேந்து மே சட்டன்னு பதினெட்டு வயசுப் பொண்ணு. பொறந்தது இங்கிலாந்து பிளிமத்துலதான், அப்பா பிரிட்டிஷ் கடற்படை ஆபீசர், வளந்தது அமெரிக்கால. முந்தின வருஷமே பதினேழு வயசுல அமெரிக்க சாம்பியன். ஃபோர்ஹேண்ட் பேய் அடி, பந்து விழுந்து எகிறுமாம். வந்த எடத்துல வெயில் தாங்காம சட்டைக் கைய மடிச்சு விட்டுகிட்டு ஆடினதுக்கே முணுமுணுத்தாங்க, பொம்பளப் புள்ள முழங்கை தெரிய ஆடுதேன்னு. இவங்க என்னன்னா அந்த முழங்கைய வச்சு சாம்பியன அடிச்சுட்டாங்க, 6-3, 6-4. டோரதியாவுக்கு மணிக்கட்டுல காயம் இருந்துச்சுன்னு சொல்றாங்க, இருக்கலாம், ஆனா அடுத்து நடந்ததப் பாத்தா அது மட்டும் காரணம்னு சொல்ல முடியாது. விம்பிள்டன் சிங்கிள்ஸ ஆணோ பெண்ணோ வெளிநாட்டு ஆள் ஒருத்தர் ஜெயிச்சது அதான் முதல் தடவை.

1906ல ரூல் தலைகீழா திரும்புது. இப்ப சட்டன் உக்காந்திருக்காங்க, டோரதியா எல்லார் கூடயும் ஆடி வரணும். வந்தாங்க, 6-3, 9-7ன்னு ஜெயிச்சாங்க. அப்ப டைபிரேக்கர்லாம் கிடையாது, ரெண்டு கேம் வித்தியாசம் வர வரைக்கும் ஆடிட்டே இருக்க வேண்டியதுதான், அந்த 9-7 செட்ல என்ன பாடு பட்டிருப்பாங்கன்னு யோசிச்சுக்கங்க. 1907ல சட்டன் திரும்ப 6-1, 6-4ன்னு பிடுங்கிட்டாங்க. மூணு வருஷம் தொடர்ந்து ஃபைனல்ல அதே ரெண்டு பேர். சட்டன் பேர மறந்துடாதீங்க, கடைசில திரும்ப வருவாங்க.

நடுவுல 1907 ஏப்ரல்ல டோரதியாவுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை ராபர்ட் லாம்பர்ட் சேம்பர்ஸ், வியாபாரி. அதுக்கப்புறம் ஸ்கோர்ஷீட்ல இவங்க பேரு மிஸஸ் ஆர். லாம்பர்ட் சேம்பர்ஸ். அந்த ஆர் ராபர்ட்டோட இனிஷியல், இவங்களோடது இல்ல. விம்பிள்டன் சாம்பியன்கள் பேர் போர்டுல ரொம்ப வருஷம் அப்படித்தான் இருந்துச்சு, மேல மிஸ் டி.கே. டக்ளஸ், கீழ மிஸஸ் ஆர். லாம்பர்ட் சேம்பர்ஸ், தெரியாதவன் பாத்தா ரெண்டு வேற ஆளுன்னுதான் நினைப்பான். இது என்னமோ 1900 காலத்துப் பழக்கம்னு நினைக்காதீங்க, 1981 ஜெயிச்ச கிறிஸ் எவர்ட் பேரயே மிஸஸ் ஜே.எம். லாய்டுன்னு எழுதி வச்சிருந்தாங்க. மிஸ், மிஸஸ் எல்லாம் எடுத்தது 2022லதான்.

1908 ஒரு விசித்திர வருஷம். விம்பிள்டன்ல காலிறுதிலயே சார்லட் ஸ்டெர்ரிகிட்ட தோத்துட்டாங்க, அந்த வருஷம் டைட்டிலும் சார்லட்டுக்குத்தான், வயசு முப்பத்தேழு, இன்னிக்கு வரைக்கும் விம்பிள்டன் லேடீஸ் சிங்கிள்ஸ் ஜெயிச்ச வயசான ஆள் அவங்கதான். அதே வருஷம் அதே வோர்பிள் ரோடு புல்தரைல லண்டன் ஒலிம்பிக்ஸ் டென்னிஸ், அதுல டோரதியாவுக்குத் தங்கம், ஃபைனல்ல பூத்பிய 6-1, 7-5. ஒலிம்பிக் தங்கம்னு கேட்டதும் பெருசா தோணும். பேர் கொடுத்த பல பேர் வராம போயி கடைசில களத்துல இறங்கினது அஞ்சே பேர்தான், அஞ்சு பேரும் பிரிட்டிஷ். அதனால இதப் பெரிய சாதனைன்னு நான் தூக்கிப் பிடிக்க மாட்டேன்.

இதுக்கப்புறம் வருதுபாருங்க, அதுதான் அவங்க கெரியர்லயே எனக்குப் பிடிச்ச பகுதி. 1909ல ஆடல, முதல் குழந்தை. அந்த வருஷம் டோரா பூத்பி சாம்பியன் ஆயிட்டாங்க. 1910ல டோரதியா திரும்பி வந்து ஆல் கமர்ஸ் முழுக்க ஆடி பூத்பிய 6-2, 6-2. 1911ல அந்த 6-0, 6-0. பாவம் பூத்பி, ஒலிம்பிக், விம்பிள்டன், விம்பிள்டன்னு மூணு பெரிய ஃபைனல்ல ஒரே ஆள்கிட்ட. 1912ல டோரதியா திரும்ப இல்ல, ரெண்டாவது குழந்தை. 1913ல வந்தாங்க, ஜெயிச்சாங்க. 1914ல லார்கோம்ப் கூட நேருக்கு நேர், 7-5, 6-4.

அதாவது முதல் குழந்தைக்கு அப்புறம் ரெண்டு டைட்டில், ரெண்டாவது குழந்தைக்கு அப்புறம் ரெண்டு டைட்டில். ஏழுல நாலு டைட்டில் அம்மா ஆனதுக்கு அப்புறம் வாங்கினது. இன்னிக்கு ஒரு பிளேயர் குழந்தை பெத்துட்டு திரும்ப வந்து ரெண்டாவது ரவுண்டு ஜெயிச்சாலே பெரிய கம்பேக்னு பேசறோம், பேச வேண்டியதுதான், உடம்புக்கு அது எவ்ளோ கஷ்டம்னு பெத்தவங்களக் கேட்டாத் தெரியும். 1914க்கு அப்புறம் விம்பிள்டன் சிங்கிள்ஸ் ஜெயிச்ச அடுத்த தாய் 1980ல இவோன் கூலகாங். இடையில 66 வருஷம்.

இங்கதான் சேலஞ்ச் ரவுண்டோட இன்னொரு முகம் தெரியுது. அது உக்காந்திருக்கறவங்களுக்கு சாதகம், ஆனா ஒரு வருஷம் வராம போனா அந்த நாற்காலி போயிடும், திரும்ப முதல் ரவுண்டுலேந்து ஆரம்பிக்கணும். டோரதியா 1912ல அந்த நாற்காலிய விட்டுட்டுப் போயி 1913ல திரும்பப் பிடிச்சாங்க.

ஆட்டம் எப்படி இருந்துச்சு? பேஸ்லைன் ஆட்டக்காரி, அதாவது கோர்ட்டோட பின்கோட்டுகிட்ட நின்னு ஆடறவங்க. பந்த நீளமா, ஓரமா, நினைச்ச எடத்துல போடறதுதான் அவங்க பலம். நெட்டுக்கு ஓடி வர ஆள பக்கவாட்டுல பாஸ் பண்றது, தலைக்கு மேல லாப் போடறது, திடீர்னு நெட்டுக்குப் பக்கத்துல டிராப் ஷாட் போட்டு முன்னாடி இழுக்கறது. எதிராளி அடுத்து என்ன பண்ணப் போறாங்கன்னு முன்கூட்டியே கணிக்கறதுல கெட்டிக்காரி. 1910ல பெண்களுக்காக டென்னிஸ் பத்தி ஒரு புத்தகமே எழுதியிருக்காங்க, அதுல டிரஸ் பத்தி சொல்லும்போது பாவாடை தரையிலேந்து நாலஞ்சு அங்குலம் மேல இருக்கணும், கணுக்கால் தெரியற அளவுக்கு இருந்தாப் போதும்ங்கறாங்க, எல்லாம் வெள்ளையா இருக்கணுமாம். அதுதான் அப்போ வசதியான டிரஸ்! தரையத் தொடப் போற பாவாடை, முழுக்கைச் சட்டை, உள்ள இறுக்கிக் கட்டற கார்செட், இத்தனையும் போட்டுகிட்டு லாபுக்குப் பின்னாடி ஓடணும். புடவை கட்டிகிட்டு பஸ் பிடிக்க ஓடின நம்ம அக்கா அம்மாக்களுக்கு இது கொஞ்சம் புரியும்.

1914 ஃபைனல் முடிஞ்சு ஒரு மாசத்துக்குள்ள ஐரோப்பா பத்திகிச்சு. 1915லேந்து 1918 வரைக்கும் விம்பிள்டனே நடக்கல. ஆம்பளைங்க பிரிவுல நாலு வருஷம் தொடர்ந்து ஜெயிச்ச ஆண்டனி வைல்டிங் 1915 மே மாசம் பிரான்ஸ் போர்முனையில செத்துப் போனாரு. 1919ல திரும்ப கேட்டத் திறந்தப்ப டோரதியாவுக்கு நாப்பது வயசு. ஆனா ரூல் ரூல்தான், கடைசியா ஜெயிச்சது அவங்க, அதனால இன்னும் சாம்பியன் அவங்கதான். அஞ்சு வருஷம் கழிச்சு விம்பிள்டன்ல அவங்க ஆடற முதல் சிங்கிள்ஸ் மேட்ச் நேரா ஃபைனல்.

எதிர்ல சூசான் லெங்லென், வயசு இருபது. பதினஞ்சு வயசுலயே பாரிஸ்ல களிமண் தரைல உலகப் பட்டம் ஜெயிச்ச பொண்ணு, ஆனா புல்தரைல போட்டி ஆடறது இதான் முதல் தடவை. கார்செட் கிடையாது, கை பாதிதான், பாவாடை கெண்டைக்கால் வரைக்கும்தான். நெட் பக்கம் குதிச்சுகிட்டு வருவாங்க. ஒரு பக்கம் பாதிரியார் பொண்ணு முழுக்கைச் சட்டையோட, இன்னொரு பக்கம் இந்தப் பொண்ணு. பாக்க ராஜா அஞ்சாம் ஜார்ஜும் ராணி மேரியும் வந்து உக்காந்திருக்காங்க. ஜூலை 5, 1919.

முதல் செட்லயே டோரதியாவுக்கு செட் பாயிண்ட் கிடைச்சு நழுவிடுச்சு, லெங்லென் 10-8ன்னு எடுத்தாங்க. ரெண்டாவது செட்ல டோரதியா 4-1ன்னு முன்னாடி போனாங்க, லெங்லென் சமன் பண்ணாங்க, ஆனாலும் செட் 6-4ன்னு டோரதியாவுக்கே. லெங்லெனுக்கு மூச்சு வாங்குது. அப்பா சார்லஸ் லெங்லென் ஸ்டாண்டுலேந்து கோன்யாக் பிராந்தில நனைச்ச சர்க்கரைக் கட்டியத் தூக்கிப் போடறாரு, பொண்ணு அத வாயில போட்டுகிட்டு திரும்ப ஆடப் போகுது. இன்னிக்கு யாராவது இதப் பண்ணா என்ன ஆகும்னு யோசிச்சாலே சிரிப்பு வருது.

மூணாவது செட்ல லெங்லென் 4-1. எல்லாரும் முடிஞ்சுதுன்னு நினைச்சிருப்பாங்க. நாப்பது வயசு அம்மா ஒவ்வொரு கேமா இழுத்து 4-4க்கு கொண்டு வந்து, அப்புறம் 6-5, அந்தக் கேம்ல 40-15. ரெண்டு மேட்ச் பாயிண்ட், அதாவது இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தா மேட்ச் அவங்களுது, அதுக்கு ரெண்டு சான்ஸ்.

முதல் மேட்ச் பாயிண்ட்ல டோரதியா ஒரு லாப் போட்டாங்க. நல்ல லாப். லெங்லென் ஓடிப் போயி எப்படியோ எட்டி ராக்கெட்ட நீட்டினாங்க, பந்து நரம்புல படல, மரச் சட்டத்துல பட்டுச்சு. அது தட்டுத் தடுமாறி வந்து நெட்டு மேல இடிச்சு, ஒரு கணம் யோசிச்சு, டோரதியா பக்கம் விழுந்துச்சு. அடிச்சவங்களுக்கே அது எங்க போகும்னு தெரியாத ஷாட். ரெண்டாவது மேட்ச் பாயிண்ட்ல டோரதியா டிராப் ஷாட் போடப் பாத்தாங்க, நெட்ல விழுந்துச்சு. அப்புறம் கேம் போச்சு, லெங்லென் 9-7ன்னு முடிச்சாங்க. 10-8, 4-6, 9-7, மொத்தம் 44 கேம். 1970ல மார்கரெட் கோர்ட்டும் பில்லி ஜீன் கிங்கும் 46 கேம் ஆடற வரைக்கும் விம்பிள்டன் லேடீஸ் ஃபைனல்ல அதான் நீளமானது.

இந்த மேட்ச பெரும்பாலும் லெங்லென் கதையாத்தான் சொல்வாங்க, புதுசு வந்து பழச ஜெயிச்சுதுன்னு, பாவாடை நீளத்துலேந்து ஆரம்பிச்சு. எனக்கு அது பாதிக் கதையாத்தான் படுது. அதுக்கப்புறம் லெங்லென் என்ன பண்ணாங்கன்னு பாருங்க. 1919லேந்து 1926 வரைக்கும் சிங்கிள்ஸ்ல தோத்தது ஒண்ணே ஒண்ணு, 1921ல அமெரிக்காவுல மோலா மல்லோரிகிட்ட, அதுவும் பாதியில விட்டுட்டு வந்தது. டென்னிஸ்லயே அந்த மாதிரி ஒரு ஓட்டம் அபூர்வம். அப்படிப்பட்ட ஆள, தன்னவிட இருபது வயசு சின்ன ஆள, அஞ்சு வருஷம் விம்பிள்டன் வாசன இல்லாம வந்து மரச்சட்டத்துல பட்ட ஒரு பந்து தூரத்துல நிறுத்தி வச்சிருந்தாங்க டோரதியா. அந்தப் பந்து இந்தப் பக்கம் விழாம இருந்திருந்தா எட்டு டைட்டில்.

சேலஞ்ச் ரவுண்டு அன்னிக்கு அவங்களுக்கு உதவுச்சா, கெடுத்துச்சான்னு ஒரு விவாதம் வைக்கலாம். கால் ஃப்ரெஷ்ஷா இருந்துச்சுங்கறது உண்மை, நாப்பது வயசுல அது சின்ன விஷயமில்ல. ஆனா லெங்லென் ஆல் கமர்ஸ்ல லார்கோம்ப், எலிசபெத் ரயான்னு ஒவ்வொருத்தரா ஆடி புல்தரைக்குப் பழகிட்டு வந்தாங்க, டோரதியா பழகாம நேரா வந்தாங்க. 40-15ல அந்த டிராப் ஷாட் நெட்ல விழுந்தது மேட்ச் பழக்கம் இல்லாததாலயான்னு என்னால சொல்ல முடியாது, யாராலயும் முடியாது. ஆனா அடுத்த வருஷம் இதுக்கு ஒரு வகையில பதில் வந்துச்சு.

1920. இப்ப நாற்காலில லெங்லென். டோரதியாவுக்கு நாப்பத்தோரு வயசு, முதல் ரவுண்டுலேந்து ஆடணும். பொதுவா இந்த எடத்துல ஆளுங்க போதும்டா சாமின்னு வீட்டுக்குப் போயிடுவாங்க. இவங்க பேர் கொடுத்தாங்க, ஆடினாங்க, அரையிறுதில அந்த மோலா மல்லோரிய அடிச்சாங்க. அதுவும் லேசுப்பட்ட ஆளா, அமெரிக்க டைட்டில மொத்தத்துல எட்டு தடவை ஜெயிச்சவங்க. ஆல் கமர்ஸ் ஃபைனல்ல எலிசபெத் ரயான 6-2, 6-1. ரயான் விம்பிள்டன்ல டபுள்ஸ், மிக்ஸ்டு சேத்து 19 டைட்டில் எடுத்தவங்க. அதுக்கப்புறம் லெங்லென்கிட்ட 6-3, 6-0ன்னு தோத்தாங்க. முந்தின வருஷம் 44 கேம், இந்த வருஷம் 15. இந்தத் தடவை டோரதியாவுக்கு மேட்ச் பழக்கம் இருந்துச்சு, ஆனா லெங்லென் ஒரே வருஷத்துல எங்கயோ போயிட்டாங்க. என்னைக் கேட்டா அவங்க ஏழு டைட்டில்ல பாதிய விட இந்த 1920 ஓட்டம் பெருசு. பேர் போர்டுல அதுக்கு எடமே கிடையாது.

அந்தப் போர்டுல இல்லாத இன்னொன்னு டபுள்ஸ். லேடீஸ் டபுள்ஸும் மிக்ஸ்டும் விம்பிள்டன்ல முழு சாம்பியன்ஷிப் அந்தஸ்து வாங்கினதே 1913லதான், அதுக்கப்புறம் 1913, 1919, 1920ன்னு டபுள்ஸ் ஃபைனல் ஆடியும் ஒண்ணு கூட ஜெயிக்கல, 1919 மிக்ஸ்டும் ஃபைனலோட சரி. மத்த கிராண்ட் ஸ்லாம் எங்கன்னு கேப்பீங்க. ஆஸ்திரேலியாவுல பெண்கள் பிரிவு 1922லதான் வந்துச்சு, பிரெஞ்சு சாம்பியன்ஷிப் வெளிநாட்டுக்காரங்களுக்குத் திறந்தது 1925ல, அமெரிக்க சாம்பியன்ஷிப் இருந்துச்சு, கப்பல் ஏறிப் போகணும், டைட்டில் ஜெயிச்சுகிட்டு இருந்த காலத்துல இவங்க போகல. அதனால இன்னிக்கு கணக்குப்படி அவங்க கிராண்ட் ஸ்லாம் லிஸ்ட்ல விம்பிள்டன் மட்டும்தான் இருக்கும். காசும் கிடையாது, எல்லாரும் அமெச்சூர், பத்துப் பைசா வாங்கிட்டு யாருக்காவது ஆட்டம் சொல்லிக் கொடுத்தாலே அப்புறம் விம்பிள்டன்ல ஆட முடியாது. டோரதியா அந்தக் கோட்டத் தாண்டி காசு வாங்கற கோச் ஆனது 1928ல, கிட்டத்தட்ட அம்பது வயசுல. 1960 ஜனவரில லண்டன்ல எண்பத்தோரு வயசுல இறந்தாங்க.

ஆனா கோச் ஆகறதுக்கு முன்னாடி ஒரு மேட்ச் பாக்கி இருக்கு. 1923லேந்து பிரிட்டன் பெண்களுக்கும் அமெரிக்கப் பெண்களுக்கும் வைட்மேன் கப்னு வருஷா வருஷம் ஒரு போட்டி நடந்துட்டு இருந்துச்சு. 1925ல அது நியூயார்க் ஃபாரஸ்ட் ஹில்ஸ்ல. பிரிட்டன் கேப்டன் டோரதியா, வயசு நாப்பத்தாறு. கேப்டன்னா ஓரமா உக்காந்து கை தட்டறதுன்னு நினைச்சா இவங்க தன் பேரயே சிங்கிள்ஸ்ல போட்டுகிட்டாங்க, எலினார் காஸ மூணு செட்ல ஜெயிச்சாங்க, 7-5, 3-6, 6-1. அப்புறம் டபுள்ஸ், எர்மின்ட்ரூட் ஹார்வி கூட ஜோடி.

நெட்டுக்கு அந்தப் பக்கம் மோலா மல்லோரி, பக்கத்துல மே சட்டன். அதே பொண்ணு, 1905ல சட்டைக் கைய மடிச்சு விட்டுகிட்டு வந்து டைட்டிலத் தூக்கிட்டுப் போன பொண்ணு, இப்ப மிஸஸ் பண்டி, வயசு முப்பத்தெட்டு. ரெண்டு பேரும் விம்பிள்டன்ல கடைசியா மோதி பதினெட்டு வருஷம் ஆச்சு. முதல் செட் இழுத்துகிட்டே போயி 10-8, இந்தத் தடவை டோரதியா பக்கம். ரெண்டாவது செட் 6-1. அந்த வருஷம் கப்ப பிரிட்டன் எடுத்தது 4-3ன்னு, ஒரே ஒரு மேட்ச் வித்தியாசத்துல, அந்த நாலுல ரெண்டு கேப்டன் ஆடினது.